உயிரணுக்கள் மிதந்து வருவதில்லை, ஊர்ந்து வருகின்றன

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே, தமிழ்வழியில் பாடம் நடக்கும் ஓர் உயர்நிலைப் பள்ளியில் 22 ஆண்டுகளாக உயிரியல் கற்பித்து வருகிறேன். எங்கள் ஊருக்குத் தங்கள் நாளிதழ் பொள்ளாச்சியிலிருந்து வரும் முதல் பேருந்தில் வந்து சேர்கிறது. கேரளப் பாடத்திட்டத்தைத் தமிழில் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்குப் பாடநூலுக்கு வெளியே தமிழில் அறிவியல் படிக்கக் கிடைப்பது பெரும்பாலும் தங்கள் பக்கங்களில்தான். ஆகையால் அதில் அச்சாவதைப் பாடநூலுக்கு இணையாக அவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை முன்னிட்டே இக்கடிதத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அண்மையில் தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் சர்க்கரை நோயாளிகளின் கால்புண் குறித்து ஒரு கட்டுரை வந்தது. காலைத் தினமும் பார்க்க வேண்டும், வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று அது சொன்னவை அனைத்தும் நல்ல அறிவுரைகள். ஆனால் காயம் எப்படி ஆறுகிறது என்று விளக்கிய பகுதியில் மூன்று செய்திகள் இருந்தன. உயிரணுவுக்குள் ஓர் எலும்புக்கூடு இருந்து அதன் வடிவத்தைத் தாங்கி நிற்கிறது என்று சொல்லி, ஒரு பைக்குள் விலா எலும்புகளைப் போன்ற கோடுகள் வரையப்பட்டிருந்தன. காயம் பட்டதும் புதிய உயிரணுக்கள் இரத்தத்தில் மிதந்து வந்து பள்ளத்தை நிரப்புகின்றன என்று அடுத்ததாகச் சொல்லப்பட்டிருந்தது. ஆகவே புண்ணைத் திறந்து வைத்துக் காற்றாட உலரவிட்டால் விரைவில் ஆறும் என்று பகுதி முடிந்திருந்தது.

இந்தக் கடைசி அறிவுரை முதல் இரண்டு பிழைகளிலிருந்து பிறந்தது என்பதே நான் சொல்ல வந்தது. எலும்புக்கூடு என்றால் தானாக அசையாதது. அசையாத ஒன்றை உள்ளே வைத்திருக்கும் உயிரணு தானாக எங்கும் போக முடியாது, எதிலாவது மிதந்துதான் வர வேண்டும். மிதந்து வருவதற்குப் புண்ணின் மேற்பரப்பு எப்படி இருந்தால்தான் என்ன, காய்ந்தால் நல்லதுதானே என்று எண்ணம் இயல்பாக அங்கே போய்விடுகிறது. கிருமியோடு போராட வரும் வெள்ளையணுக்கள் இரத்தத்தில் வருவது உண்மைதான். ஆனால் புண்ணை மூடும் தோலின் உயிரணுக்கள் புண்ணின் ஓரத்திலிருந்தும், அடியில் எஞ்சியிருக்கும் மயிர்க்கால்களிலிருந்தும் ஊர்ந்தே வருகின்றன. ஊர்வதற்கு ஈரமும் பிடிமானமும் உள்ள தரை வேண்டும். அந்தத் தரையைப் பற்றிக்கொள்வதும், பற்றிய பிடியைக்கொண்டு உடலை முன்னே இழுப்பதும், பின்னால் பிடியை விடுவிப்பதும் கட்டுரை எலும்புக்கூடு என்று பெயரிட்ட அந்த உட்சட்டகத்தின் வேலைகள்தாம்.

இதை நான் முதலில் தெரிந்துகொண்டது புத்தகத்திலிருந்து அன்று. என் தந்தைக்கு 78 வயது, சர்க்கரை நோய் 20 ஆண்டுகளுக்கு மேலாக உண்டு. ஒரு கோடையில் செருப்பு வார் உரசிப் பெருவிரலுக்கு அருகில் தோல் பிய்ந்தது. வலி தெரியாததால் அவரும் சொல்லவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. பார்த்தபோது புண்ணாகியிருந்தது. மருந்துக்கடையில் பொடி கொடுத்தார்கள், பக்கத்து வீட்டில் காப்பித்தூள் வைக்கச் சொன்னார்கள், காற்றாடட்டும் என்று எல்லோரும் சொன்னோம். உயிரியல் ஆசிரியனான நானும் சொன்னேன். மூன்று வாரத்தில் புண்ணின் மேல் கறுப்பாக, தேங்காய்ச் சிரட்டை போல ஒரு பொருக்கு ஏறிவிட்டது. காய்ந்துவிட்டது என்று மகிழ்ந்தோம். அடியில் புண் அப்படியே இருந்தது, ஓரத்தில் கொஞ்சம் அகன்றும் இருந்தது.

பிறகு காட்டிய மருத்துவர் அந்தப் பொருக்கை ஊறவைத்து எடுத்து, அழுகிய சதையை நீக்கி, இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, புண்ணை ஈரம் காக்கும் கட்டுக்குள் வைத்தார். அந்தக் காலில் எடை விழாதபடி செருப்பையும் மாற்றினார். வாரம் ஒருமுறை கட்டுப் பிரிக்கும்போது செவிலியர் ஒரு கண்ணாடித்தாளைப் புண்ணின் மேல் வைத்து, ஓரத்தை மை பேனாவால் வரைந்து, தேதி எழுதி வைப்பார். மூன்றாவது வாரம் அவர் விளக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "மாஷே, இங்க பாருங்க, ஓரத்துல ரோஸா, மினுக்குன்னு ஒரு கோடு தெரியுது இல்லையா, அது தோல் நடந்து வர்றது" என்றார். வெங்காயத்தின் உள்தோலைப் போல அவ்வளவு மெல்லிய ஒரு விளிம்பு, சிவந்த சதையின் மேல் உள்நோக்கி நீண்டிருந்தது. 22 ஆண்டு வகுப்பில் நான் ஒருநாளும் சொல்லாத வாக்கியத்தை அவர் சொல்லிவிட்டார்.

புண் மூட 11 வாரம் ஆயிற்று. அந்தத் தாள்களைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், நில வரைபடத்தில் மலையைக் காட்டும் சமஉயரக் கோடுகள் போல ஒன்றுக்குள் ஒன்றாகக் கோடுகள் தெரிகின்றன. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருக்கும். ஒரு வாரத்தில் அவ்வளவுதானா என்று பிள்ளைகள் கேட்பார்கள். இணைப்புத் திசுவின் உயிரணு ஒன்று ஆய்வுக்கூடத்தின் கண்ணாடித் தட்டில் நகரும் வேகம் மணிக்குச் சில பத்து மைக்ரோமீட்டர். ஆயிரம் மைக்ரோமீட்டர் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். தடையே இல்லாத தட்டிலும் அதைக் கடக்க ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும். நோயாளியின் காலிலோ தடைகள் பல. அந்தக் கோடுகளுக்கு இடையில் இருப்பது இலட்சக்கணக்கான உயிரணுக்கள் விடாமல் ஊர்ந்த தூரம். புண் சுருங்கியதில் இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. அடித்திசுவில் சில உயிரணுக்கள் தசையைப் போலத் தம்மைச் சுருக்கிப் புண்ணின் ஓரங்களை உள்ளே இழுக்கின்றன. 1971இல் ஜெனீவாவில் கபியானி என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் விவரித்த, தசையின் குணமும் கொண்ட இணைப்புத் திசு உயிரணுக்கள் (மயோஃபைப்ரோபிளாஸ்ட்) அவை. அவற்றின் இழுவைக் கயிறும் இதே உட்சட்டகம்தான்.

இனி அந்த உட்சட்டகம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்கிறேன். எங்கள் சித்தூர் வட்டாரம் கள்ளுக்குப் பேர்போனது, பனையும் தென்னையும் இல்லாத வரப்பு இல்லை. மரம் ஏறுகிறவரைத் தினமும் பார்க்கும் பிள்ளைகளுக்கு நான் அவரையே காட்டுகிறேன். அவர் முதலில் கைகளை மேலே நீட்டி மரத்தை அணைத்துக்கொள்கிறார். அணைத்த பிடியில் உடலை இழுக்கிறார். பிறகு தளைக்கயிறு மாட்டிய பாதங்களைக் கீழிருந்து விடுவித்து, மேலே தூக்கி, மறுபடியும் மரத்தில் அழுத்துகிறார். நீட்டுவது, பிடிப்பது, இழுப்பது, விடுவது என்ற இந்த வரிசைதான் ஊர்ந்து செல்லும் உயிரணுவின் வரிசையும். 1950களிலிருந்து கோழிக்கருவின் இதயத்திலிருந்து எடுத்த உயிரணுக்களைப் படம்பிடித்துப் பிரேம் பிரேமாக அளந்த மைக்கேல் அபர்குரோம்பி என்ற ஆங்கில அறிவியலாளர், முன்விளிம்பு மெல்லிய தகடாக நீள்வதையும் மடங்கிப் பின்வாங்குவதையும் மறுபடி நீள்வதையும் பொறுமையாகப் பதிந்து வைத்தார். உயிரணுக்கள் ஒன்றையொன்று தொட்டதும் அந்தப் பக்கம் நீள்வதை நிறுத்திவிடுகின்றன என்று கண்டவரும் அவரே. இரு கரைகளிலிருந்தும் ஊர்ந்து வந்த தோல் நடுவில் சந்தித்ததும் நின்றுவிடுவதை விளங்கிக்கொள்ள அது வழிகாட்டியது.

ஆனால் ஓரிடத்தில் மரமேறியும் உயிரணுவும் வேறுபடுகிறார்கள், அந்த வேறுபாட்டில்தான் எலும்புக்கூடு என்ற சொல் உடைந்து போகிறது. மரமேறியின் கை நேற்றும் அதே கை, இன்றும் அதே கை. உயிரணுவோ கை வேண்டிய இடத்தில் கையை அப்போதே கட்டிக்கொள்கிறது, வேலை முடிந்ததும் கலைத்துவிட்டு அதே பொருளைக்கொண்டு வேறிடத்தில் கட்டுகிறது. அந்தக் கட்டுமானப் பொருளில் முதன்மையானது ஆக்டின் என்னும் புரதம். போர்க்காலத்தில், 1942இல், ஹங்கேரியின் செகெட் நகரில் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜியின் ஆய்வுக்கூடத்தில் புரூனோ ஷ்ட்ராப் இதைத் தசையிலிருந்து பிரித்தெடுத்தார். வெகுநாள் அது தசைக்கே உரியது என்று எண்ணியிருந்தார்கள். 1966இல் ஜப்பானில் ஹட்டானோவும் ஓசாவாவும் தசையே இல்லாத ஒரு சளிப்பூஞ்சையிலிருந்து அதைப் பிரித்துக் காட்டினார்கள். இன்று நம் உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுவிலும் அது உண்டு என்று தெரியும்.

ஆக்டின் மணிகள் கோத்து உருவாகும் இழையின் தடிமன் ஏறக்குறைய 7 நானோமீட்டர். முன்விளிம்பை நோக்கிய முனையில் புதிய மணிகள் சேர்ந்துகொண்டே இருக்க, பின்முனையில் பழையவை கழன்றுகொண்டே இருக்கும். ஆர்ப் 2/3 என்ற புரதக்கூட்டு, இருக்கும் இழையின் பக்கத்தில் அமர்ந்து ஏறக்குறைய 70 பாகைக் கோணத்தில் ஒரு கிளையைத் தொடங்கி வைக்கிறது. இப்படிக் கிளைத்துக் கிளைத்து முன்விளிம்பில் ஒரு புதர் வளர்ந்து, உயிரணுவைப் போர்த்தியிருக்கும் படலத்தை உள்ளிருந்து தள்ளுகிறது. எங்கே புதர் வளர வேண்டும், எங்கே இறுக்கிக் கட்டிய கயிறாக ஓட வேண்டும் என்பதை ஆளும் புரதங்களும் உள்ளன. ராக் என்பதைத் தூண்டினால் தகடு விரிகிறது, ரோ என்பதைத் தூண்டினால் இழுவைக் கயிறுகள் தோன்றுகின்றன என்று 1992இல் லண்டனில் ஆன் ரிட்லியும் ஆலன் ஹாலும் காட்டினார்கள்.

தள்ளினால் மட்டும் போதாது. மழைக்குப் பின் பாசி படிந்த மரத்தில் கையும் காலும் எவ்வளவு இயங்கினாலும் ஆள் உயரமாட்டார். உயிரணுவிலும் அப்படித்தான். முன்விளிம்பில் கட்டப்படும் ஆக்டின் புதர், வெளியே எதையும் பிடிக்காதபோது, படலத்தில் மோதிப் பின்னோக்கி வழுக்கிக்கொண்டே இருக்கிறது. விளிம்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது. இதை விளக்க 1988இல் டிம் மிச்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் கிளட்ச் என்ற சொல்லைக் கையாண்டார்கள். எஞ்சின் ஓடுகிறது, கிளட்ச் பிடிக்கவில்லை, வண்டி நகரவில்லை என்று சொன்னால் வாளையார் ஏற்றத்தில் லாரி ஓட்டும் எவருக்கும் அது புரியும். அந்தக் கிளட்ச் இருக்கும் இடம் இன்டெக்ரின் என்ற புரதம். 1986இல் ரிச்சர்ட் ஹைன்ஸின் குழு அதற்கு இப்பெயரை இட்டது. உள்ளையும் வெளியையும் இணைப்பது என்ற பொருளிலேயே இட்டது. படலத்தை ஊடுருவி நிற்கும் அதன் ஒரு முனை வெளியே ஃபைப்ரோநெக்டின், கொலாஜன் முதலிய இழைப்புரதங்களைப் பற்றுகிறது, மறுமுனை உள்ளே டாலின் என்ற புரதத்தின் வழியாக ஆக்டினோடு பிணைகிறது. இன்டெக்ரின் ஆய்வுக்காக ஹைன்ஸுக்கும் எர்க்கி ருவோஸ்லாட்டிக்கும் திமத்தி ஸ்பிரிங்கருக்கும் 2022இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

இதில் என்னை மிகவும் வியக்க வைப்பது டாலினின் குணம். மடித்துச் சுருட்டிய பாயைப் போல இருக்கும் அதை ஆக்டின் பின்னோக்கி இழுக்கும்போது சில மடிப்புகள் அவிழ்கின்றன. அவிழ்ந்த இடத்தில் அதுவரை மறைந்திருந்த கொக்கிகள் வெளிப்பட்டு, வின்குலின் என்ற மற்றொரு புரதம் வந்து மாட்டிக்கொண்டு பிடியை வலுப்படுத்துகிறது. ஒற்றை டாலின் மூலக்கூறை இழுத்துப் பார்த்து 2009இல் இதைச் சோதனையில் காட்டினார்கள். இழுக்க இழுக்கப் பிடி இறுகும் கொக்கி இது. தரை உறுதியாக இருந்தால் இழுவை அதிகமாகிறது, இழுவை அதிகமானால் பிடி வலுக்கிறது; தரை குழைவாக இருந்தால் பிடி வளரவில்லை. தன் காலடி எவ்வளவு உறுதி என்பதை உயிரணு இவ்வாறு தொட்டு அறிகிறது. அறிந்து, உறுதியான பக்கம் நோக்கி நகரவும் செய்கிறது. வடிவத்தைத் தாங்கி நிற்கும் எலும்புக்கூடு என்று சொல்லிவிட்டால் இந்த அறிவு முழுவதும் வாசகருக்கு இல்லாமல் போகிறது.

பிடி எவ்வளவு வலுவோ அவ்வளவு வேகம் என்றும் எண்ணிவிடக் கூடாது. தட்டில் ஃபைப்ரோநெக்டின் பூச்சைப் படிப்படியாகக் கூட்டி உயிரணுக்களின் வேகத்தை அளந்தவர்கள், பூச்சு மிகக் குறைவான இடத்தில் அவை வழுக்குவதையும், மிக அதிகமான இடத்தில் ஒட்டிக்கொண்டு பெயர முடியாமல் நிற்பதையும், நடுத்தரமான இடத்திலேயே விரைவாகச் செல்வதையும் 1997இல் வெளியிட்டார்கள். தளைக்கயிறு இறுகி மரத்தில் மாட்டிக்கொண்டால் மரமேறி நடுமரத்திலேயே நிற்க வேண்டியதுதான் என்று நான் சொன்னதும், கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன், தன் தந்தைக்கு அப்படி நேர்ந்ததுண்டு என்றும் கத்தியால் கயிற்றை அறுத்துத்தான் இறங்கினார் என்றும் சொன்னான். அறுக்கும் கத்தியும் உயிரணுவில் உண்டு. பின்பகுதியில் மயோசின் என்ற புரதம் இழுக்கிறது. உட்சட்டகத்தின் இரண்டாம் வகையாகிய, ஏறக்குறைய 25 நானோமீட்டர் தடிமனுள்ள நுண்குழல்கள் பிடிமானப் புள்ளிகளைத் தேடி வளர்ந்து, அவற்றைக் கலைக்க உதவுகின்றன. எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்ற திசையும் அவற்றால் நிலைக்கிறது. நுண்குழல்களைக் கலைத்துவிட்டால் இணைப்புத் திசுவின் உயிரணு எல்லாப் பக்கமும் விளிம்பை விரித்துத் திசையற்று நிற்கும் என்று 1970இல் மாஸ்கோவில் வசீலியெவும் அவருடன் இருந்தவர்களும் காட்டினார்கள்.

நுண்குழலைக் கலைக்கும் பொருள் எது தெரியுமா என்று நான் வகுப்பில் கேட்பதுண்டு. அது எங்கள் வேலியிலேயே இருக்கிறது. கேரளத்தார் மேந்தோன்னி என்றும் நாம் கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு என்றும் சொல்லும் செங்காந்தள்தான் அது. சங்கப் பாடல்கள் பெண்ணின் விரலுக்கு உவமையாக்கிய பூ, தமிழ்நாட்டின் மாநில மலர். எல்லைக்கு அப்பால் தாராபுரம், மூலனூர் பகுதிகளில் பந்தல் போட்டு, காலையில் ஆள்விட்டு மகரந்தம் தொட்டு வைத்து, விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அந்த விதையில் உள்ள கோல்சிசின் நுண்குழலின் செங்கலாகிய டியூபுலினில் போய் ஒட்டிக்கொண்டு, புதுக்குழல் எழும்பாமல் தடுக்கிறது. உண்மையில் டியூபுலின் என்ற புரதமே இப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. கோல்சிசின் உயிரணுவுக்குள் எதில் ஒட்டுகிறது என்று தேடிச் சென்ற கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் 1967இல் அதைக் கண்டார்கள். கீல்வாதத்தின் ஒரு வகையாகிய கவுட் நோய்க்கு இது மருந்தாவதும், வெள்ளையணுக்கள் மூட்டுக்குள் கூட்டமாக வந்து வீக்கத்தைப் பெருக்காமல் தடுப்பதால்தான். அளவு சிறிது மிஞ்சினாலும் உயிரைப் பறிக்கும் நஞ்சு இது, ஆகவே கிழங்கையோ விதையையோ வீட்டு வைத்தியமாக எவரும் தொடக் கூடாது. எலும்பு எந்த விதைச்சாற்றிலும் சில மணி நேரத்தில் கரைந்து போகாது. இந்தச் சட்டகம் கலைந்துபோகும். ஒவ்வொரு கணமும் கட்டிக் கலைக்கப்படுவதால்தான் அதற்கு அப்படி நேர்கிறது. சுடுகாட்டுப் பூ என்று நாம் ஒதுக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டினும் இதே டியூபுலினைத்தான் தாக்குகிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு அதைக் கொடுக்கும்போது சிலருக்குக் கைகால் மரத்துப்போவது, முதுகிலிருந்து பாதம்வரை நீளும் நரம்பிழைக்குள் பொருள்கள் பயணம் செய்யும் தண்டவாளமும் நுண்குழல் என்பதால்தான்.

மீண்டும் புண்ணுக்கு வருகிறேன், ஏனெனில் வாசகர்கள் நாளைக் காலையில் செய்யப்போவது அதில் இருக்கிறது. புண் காய்ந்து பொருக்கு ஏறியதும் அதன் மேற்பரப்பு உயிரணு பற்றக்கூடிய தரையாக இருப்பதில்லை. ஊர்ந்து வரும் தோல் அந்தக் காய்ந்த அடுக்குக்கு அடியில், ஈரமுள்ள ஆழத்தைத் தேடி, வழியில் உறைந்து கிடக்கும் இரத்தக் கட்டிகளைக் கரைத்துக்கொண்டு குடைந்து செல்ல வேண்டியிருக்கிறது. 1962இல் ஜார்ஜ் வின்டர் இளம் பன்றிகளின் தோலில் ஆழமில்லாத காயங்களை உண்டாக்கி, சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடியும் சிலவற்றைத் திறந்தும் விட்டுப் பார்த்தார். மூடி ஈரம் காத்த காயங்களில் தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் காற்றாடட்டும் என்ற பேச்சு நம் வீடுகளில் மாறவில்லை. எல்லாப் புண்ணுக்கும் ஈரக் கட்டு என்று நான் சொல்லவில்லை. இரத்த ஓட்டம் அடைபட்டு விரல் கறுத்து உலர்ந்து போயிருந்தால் அதை உலர்ந்தபடியே காக்கச் சொல்வதும் உண்டு. சீழ் பிடித்திருந்தால் அதற்கு முதலில் வழி செய்ய வேண்டும். எது எந்த வகை என்று தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர். ஆனால் காப்பித்தூளும் மஞ்சள்பொடியும் சுண்ணாம்பும் தூவுவது எந்த வகைப் புண்ணுக்கும் உதவாது என்பதைத் தங்கள் கட்டுரை தயங்காமல் சொல்லியிருக்கலாம்.

சர்க்கரை நோயாளிக்கு இந்தத் தரையே வேறொரு வகையிலும் கெடுகிறது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி என்று நாம் பார்க்கும் பரிசோதனை, இரத்தச் சிவப்பு நிறமியில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதை அளக்கிறது. அதே போன்ற ஒட்டுதல் கொலாஜனிலும் ஃபைப்ரோநெக்டினிலும் நடக்கிறது, அப்போது இன்டெக்ரின் பற்ற வேண்டிய இடங்கள் பழுதாகின்றன. இரத்த ஓட்டக் குறைவு, உணர்ச்சியற்ற பாதம், ஓயாத அழுத்தம், கிருமி ஆகியவற்றோடு இதுவும் சேர்கிறது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் புண் ஆறும் என்று மருத்துவர் சொல்வதை ஓர் ஒழுக்க விதியைப் போல எடுத்துக்கொள்ளும் நோயாளிக்கு, ஊர்ந்து வரும் தோலுக்குக் கால் ஊன்ற இடம் கொடுக்கச் சொல்கிறார் என்று விளக்கினால் மனத்தில் வேறுவிதமாகப் பதிகிறது. என் தந்தை மாலையில் இனிப்புத் தேநீரை விட்டது அந்த விளக்கத்துக்குப் பிறகுதான்.

வெள்ளையணுக்களைப் பற்றியும் ஒரு சொல். அவை இரத்தத்தில் மிதப்பவை என்று முன்பே ஒப்புக்கொண்டேன். ஆனால் வேலை செய்ய வேண்டிய இடம் வந்ததும் அவையும் குழாய்ச் சுவரில் உருண்டு, இன்டெக்ரினால் ஒட்டி நின்று, சுவரின் இடுக்கில் நுழைந்து, நிமிடத்துக்குச் சுமார் 10 மைக்ரோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தே கிருமியை அடைகின்றன. அந்த இன்டெக்ரின் பிறவியிலேயே பழுதானால், இரத்தத்தில் வெள்ளையணு நிரம்பி வழிந்தாலும் புண்ணுக்கு வந்து சேராது. அத்தகைய குழந்தைகளுக்குப் பிறந்து பல வாரமாகியும் தொப்புள்கொடி விழாமல் இருக்கும், மறுபடி மறுபடி கிருமித் தொற்று வரும், புண்ணில் சீழே இருக்காது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் தோன்றும் நோய் என்பதால், மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள நம் பகுதிகளில் இதை அறிந்திருப்பது அவசியம். கொடி சில நாள் தாமதமாக விழுந்தாலே இந்த நோய் என்று எவரும் அஞ்ச வேண்டாம். தாமதமும் தொடர்ந்த தொற்றும் சேர்ந்து வந்தால் குழந்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதே செய்தி.

ஆக்டின் இழைக்கும் நுண்குழலுக்கும் அடுத்து, உட்சட்டகத்தின் மூன்றாம் வகையாகிய இடைநிலை இழைகள் நகர்வதைவிடத் தாங்குவதில் வல்லவை. எலும்பு என்ற உவமைக்குச் சற்றேனும் நெருங்குபவை அவைதாம். அவற்றுள் கெரட்டின் தோலில் உள்ளது. அதில் பிழை நேர்ந்தால் இலேசாக உரசினாலே தோல் கொப்பளிக்கும் பிறவி நோய் வரும். புற்றுநோய் ஐயத்தில் சதை எடுத்துப் பார்க்கும் அறிக்கைகளில் சைட்டோகெரட்டின், விமென்ட்டின் என்ற பெயர்களைப் பல குடும்பங்கள் பார்த்திருக்கும். எந்த வகைத் திசுவிலிருந்து கட்டி எழுந்தது என்பதை அறிய இந்த இழைகளைக் காட்டும் சாயம் உதவுகிறது. சில புற்று அணுக்கள் அண்டை அணுக்களோடு கொண்ட பிணைப்பை விட்டு, விமென்ட்டினைக் கூட்டிக்கொண்டு, புண்ணை மூடும் தோல் ஊர்வதைப் போலவே ஊர்ந்து பரவுகின்றன என்பதும் இதோடு சேர்ந்தது.

தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். அக்கட்டுரையின் காயம் ஆறும் பகுதியைத் திருத்தி, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் மறுபடி வெளியிட வேண்டும். எலும்புக்கூடு என்ற சொல்லை விட்டு, உட்சட்டகம் என்றோ, தங்கள் மொழிப் பிரிவினர் இதைவிடப் பொருத்தமாகக் கருதும் வேறு சொல்லாலோ குறிக்க வேண்டும். ஆலமரத்துக் குருவிக்கூடு போல வெறும் கூடு என்றாலும் தவறில்லை, எலும்பை மட்டும் நீக்கினால் போதும். படம் போடுவதானால், விலா எலும்பு வரைந்த பைக்குப் பதிலாக, முன்பக்கம் புதராக விரிந்து, அடியில் புள்ளி புள்ளியாகத் தரையைப் பற்றி, பின்பக்கம் வாலாகச் சுருங்கி நகரும் உயிரணுவை வரையச் சொல்லுங்கள். ஓவியருக்கு உதவியாக இருக்குமானால் என் தந்தையின் புண்ணை வரைந்த 11 கண்ணாடித்தாள்களின் நகலையும் அனுப்பி வைக்கிறேன். தந்தையின் ஒப்புதலைப் பெற்றுவிட்டேன். எங்கள் பத்தாம் வகுப்பில் நோயும் நோய்த்தடுப்பும் குறித்த பாடம் அடுத்த மாதம் தொடங்குகிறது. அதற்கு முன் திருத்தம் வந்தால், பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் கரும்பலகைக்கு அருகில் ஒட்டி வைத்துப் பாடம் நடத்துவேன்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை வட்டாரம், பாலக்காடு மாவட்டம்.